நத்தை நின்ற இடம்

ஐந்தாம் வகுப்பு டீச்சருக்குப் படகோட்டியின் கதையைக் கேட்டாலே கொட்டாவி வந்துவிடும். கதையின் மேல் குற்றமில்லை. எந்தக் கதையாக இருந்தால் என்ன, ஒரு வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒருவர் பின் ஒருவராக எழுந்து நின்று தொண்டை கிழியப் படிப்பதை வாரா வாரம் கேட்டுக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் தாங்கும்? அதுவும் சாப்பாட்டுக்குப் பிந்திய பீரியடில். மின்விசிறி சுற்றுவதுபோல் பாவனை செய்யும், காற்று மட்டும் வராது. டீச்சர் ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணை ஸ்டாப்வாட்சிலும் மறு கண்ணைத் திருத்தாமல் கிடக்கும் கணக்கு நோட்டுகளிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். காது அதன் பாட்டுக்கு எங்கேயாவது போயிருக்கும்.

ஸ்டாப்வாட்ச் தலைமையாசிரியரின் கைங்கரியம். மனிதர் பல காலம் விளையாட்டு ஆசிரியராக இருந்தவர். ஓடுகிற பிள்ளைகளுக்கு நேரம் பார்த்துப் பார்த்துக் கை பழகிப்போய், தலைமையாசிரியர் ஆனதும் படிக்கிற பிள்ளைகளுக்கும் பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஒரு நிமிடத்தில் யார் எத்தனை சொல் படிக்கிறார்கள் என்று எண்ணி, அலுவலகச் சுவரில் எழுதி ஒட்டுவார். நடுவில் ஒரு சிவப்புக் கோடு. கோட்டுக்கு மேலே இருப்பவர்கள் படிக்கத் தெரிந்தவர்கள். கீழே இருப்பவர்களுக்குக் கடைசி அறை.

அந்த அறைக்கு 'வாசிப்பு மேம்பாட்டு அறை' என்று கதவில் பெயர் எழுதியிருந்தார்கள். யாரும் அப்படிச் சொல்வதில்லை. தாழ்வாரத்தின் கோடியில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி இருப்பதால் எல்லோருக்கும் அது கடைசி அறைதான். அங்கே இரண்டாம் வகுப்புப் பொடிசுகள் எழுத்துக் கூட்டிக் கத்திக்கொண்டிருக்கும். மெதுவாகப் படிக்கிற பெரிய பிள்ளைகளையும் அவர்களோடு உட்கார வைத்து, அதே எழுத்துகளைத் திரும்பவும் கத்த விடுவார்கள். வேகம் வந்ததும் வகுப்புக்குத் திரும்பிவிடலாம் என்பது ஏற்பாடு. அப்படித் திரும்பி வந்த பிள்ளை ஒன்றைக்கூட டீச்சர் பார்த்ததில்லை.

இந்த வருஷம் அவளுடைய வகுப்பிலிருந்து போக வேண்டியது ஒரே ஒருத்திதான். பிள்ளைகள் வைத்த பெயர் நத்தை. டீச்சர் வாய்விட்டு அப்படிக் கூப்பிட்டதில்லை என்றாலும், மனசுக்குள் அவளும் அப்படித்தான் நினைப்பாள். மற்ற பிள்ளைகளுக்குப் படகோட்டி கதை தண்ணி பட்ட பாடு. மூச்சு விடாமல் கடகடவென்று ஒப்பித்துவிட்டுப் பெருமையோடு உட்காருவார்கள். நத்தை எழுந்தால் வகுப்பே பெருமூச்சு விடும். ஒவ்வொரு சொல்லாக ஊர்ந்து வருவாள். முதல் பக்கம் முடிகிற இடத்தில் அடியோடு நின்றுவிடுவாள். எத்தனை தடவை படிக்கச் சொன்னாலும் அதே இடத்தில்தான் நிற்பாள். நின்றால் சும்மா நிற்பதும் கிடையாது. புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பராக்குப் பார்ப்பாள். வாட்ச் ஓடிக்கொண்டே இருக்கும். நிமிடம் முடிந்ததும் டீச்சர் பொத்தானை அழுத்திவிட்டு, "சரி, உட்காரு" என்பாள். கோபமாகக்கூடச் சொல்ல மாட்டாள். கோபத்துக்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

வெள்ளிக்கிழமை காலை தலைமையாசிரியர், நத்தையைக் கடைசி அறைக்கு அனுப்பும் உத்தரவைக் கையில் கொடுத்தார். கீழே டீச்சர் கையெழுத்துப் போட வேண்டும், திங்கட்கிழமை பிள்ளை அறை மாறிவிடும். கையெழுத்துக்கு என்ன, ஒரு நொடி வேலை. ஆனாலும் அன்றைக்கு ஏனோ அவளுக்குப் பேனாவைத் திறக்கப் பிடிக்கவில்லை. தாளை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் பள்ளி விட்டதும் நத்தையின் அம்மா வந்தாள். ஒரு சலவை நிலையத்தில் துணி தேய்க்கிற வேலை. பகலெல்லாம் ஆவியில் நின்று முகம் வெந்து போயிருந்தது. வகுப்பு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். பெண்ணை அந்த அறைக்கு அனுப்பப் போகிறார்கள் என்ற சேதி எப்படியோ அவள் காதுக்கு எட்டியிருந்தது. அங்கே போனால் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும், மானம் போகிறது என்று பெண் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம். அம்மா அழவில்லை, சண்டையும் போடவில்லை. பார்த்துச் செய்யுங்கள் என்று மட்டும் கேட்டாள்.

டீச்சர் எல்லோருக்கும் சொல்கிற பதிலைச் சொன்னாள். அவளுடைய நல்லதுக்குத்தான், வேகம் போதவில்லை, என் கையில் ஒன்றும் இல்லை. சொல்லும்போதே தன் குரல் பேருந்து நிலைய அறிவிப்பு மாதிரி இருப்பது அவளுக்கே கேட்டது.

"வீட்ல நல்லாத்தான் படிக்கிறா டீச்சர்," என்றாள் அம்மா. "எனக்குப் படிக்கத் தெரியாது. நான் துணி மடிக்கிறப்போ அவதான் கதை படிச்சு, பொறுமையா விளக்கிச் சொல்லுவா. பாவம் டீச்சர் அந்தப் படகுக்காரர். பாலம் வந்துடுச்சுன்னு கடைசியில படகையே வித்துட்டாரே. அதைக் கேட்டுட்டு எனக்கு ராத்திரி தூக்கமே வரலை. எங்க கடையிலயும் இப்ப தேய்க்கிற மெஷின் வந்திருக்கு."

டீச்சர் தலையை ஆட்டி, பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவைத்தாள்.

பேருந்தில் உட்கார இடம் கிடைத்த பிறகுதான் உறுத்தியது. படகை விற்றாரா? எப்போது விற்றார்? கதை எப்படி முடிகிறது என்று யோசித்தாள். பாலம் கட்டுவது நினைவிருந்தது. படகோட்டி கரையில் உட்கார்ந்திருப்பதும் இருந்தது. அதற்கு மேல் வெறும் சத்தம்தான் ஞாபகம் வந்தது, பிள்ளைகள் கடைசி வரியை ஓங்கிச் சொல்லிவிட்டுத் தொப்பென்று உட்காருகிற சத்தம். மூன்று வருஷமாகக் கேட்கிற கதையின் முடிவு தெரியவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது? வீட்டில் கணவரிடம் சொன்னாள். உனக்கு ஓய்வு வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் விளக்கை அணைத்தார். அதுவும் உண்மைதான்.

திங்கட்கிழமை சாப்பாட்டு வேளையில் மற்ற பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு நத்தையை மட்டும் நிறுத்திக்கொண்டாள். பீரோவிலிருந்து, பிள்ளைகள் வீட்டுக்கும் கொண்டுபோகும் வாசிப்புப் புத்தகம் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். புத்தகம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. பள்ளியிலேயே ஜெராக்ஸ் எடுத்து ஸ்டேப்ளர் அடித்த தாள்கள்தான். இரண்டு கதைகள், கதைக்கு இரண்டு பக்கம். முதலில் படகோட்டி, அடுத்து ஒரு ரொட்டிக் கடைக்காரரும் அவருடைய பூனையும்.

நத்தை கடைசி அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுப் படிக்க ஆரம்பித்தாள். வழக்கம்போல ஊர்ந்தாள். 'பாலத்தைத் திறந்த அன்று படகோட்டி நெடுநேரம் கரையில் உட்கார்ந்திருந்தார். பிறகு மெல்ல எழுந்து' என்று வந்தாள், பக்கத்தைத் திருப்பினாள், நின்றாள். விரல் தாள்களைப் புரட்ட ஆரம்பித்தது.

டீச்சரின் கட்டை விரல் பழக்கத்தில் வாட்சைத் தேடியது. மேசைமேல் இருந்த வாட்சை எடுத்து இழுப்பறையில் போட்டுவிட்டு, இத்தனை மாதத்தில் ஒரு நாளும் கேட்காததைக் கேட்டாள்.

"ஏம்மா இங்க நிக்கறே?"

இது புதுவிதமான தண்டனையோ என்று நத்தையின் முகம் சந்தேகப்பட்டது.

"எந்த வார்த்தை கஷ்டமா இருக்கு? காட்டு."

"வார்த்தை எதுவும் கஷ்டமில்லை டீச்சர். இது வேற கதை."

"எது?"

"இந்தப் பக்கம். இது ரொட்டிக் கதையோட பக்கம். படகுக்காரர் கதை மீதி அங்க இருக்கு." கடைசித் தாளைத் திருப்பிக் காட்டினாள். "அதைத்தான் தேடுவேன். தேடறதுக்குள்ள நேரம் போயிடும்."

டீச்சர் புத்தகத்தை வாங்கித் தானே படித்தாள். முதல் தடவை அவளும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போய்விட்டாள், அவ்வளவு பழகிய சத்தம். இரண்டாம் தடவை விரலை வைத்துப் படித்தாள். கரையில் உட்கார்ந்திருந்த படகோட்டி மெல்ல எழுந்து, பக்கத்தைத் திருப்பினால், அடுப்பிலிருந்து இரண்டு ரொட்டிகளை எடுத்தார். அவசரமாக அடுத்த கதைக்குப் போனாள். பூனை மேசைமேல் ஏறி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்க ரொட்டிக் கடைக்காரர், பக்கத்தைத் திருப்பினால், வந்த விலைக்குப் படகை விற்றுவிட்டு வீட்டுக்கு நடந்தார். எந்தப் படகை? அந்த மனிதருக்கு ஏது படகு?

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தத் தாள்களை அடுக்கி ஸ்டேப்ளர் அடித்தது யாரும் இல்லை, அவளேதான். மூன்று வருஷத்துக்கு முன்னால், இதே மாதிரி ஒரு புழுக்கத்தில், ஜெராக்ஸ் மெஷின் பக்கத்து வெப்பத்தில் நின்று அடுக்கினாள். பக்க எண்கள் ஜெராக்ஸில் வெட்டுப்பட்டிருந்தன. இரண்டு கதைகளின் இரண்டாம் தாள்கள் இடம் மாறிவிட்டன. அந்த ஒரு பிரதியைப் பார்த்துத்தான் மற்றதெல்லாம். மூன்று வருஷமாக ஒரு பள்ளிக்கூடமே படகோட்டியை ரொட்டி சுட வைத்திருக்கிறது. பிள்ளைகள் நிற்காமல் படித்தார்கள், அவள் கணக்கு நோட்டைத் திருத்திக்கொண்டே கேட்டாள், தலைமையாசிரியர் சபாஷ் போட்டார்.

"இதை ஏன்மா எங்கிட்ட சொல்லலை?"

"ஒரு தடவை சொல்ல வந்தேன் டீச்சர். வாட்ச் ஓடுது, பேசாம படின்னு சொன்னீங்க." நத்தை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அப்புறம் எல்லாரும் படிச்சாங்க. நீங்களும் நல்லா இருக்குன்னு சொன்னீங்க. எனக்குத்தான் புரியலை போலன்னு நினைச்சேன்."

டீச்சருக்கு அழுகை வந்தது. பிள்ளை முன்னால் அழுது என்ன ஆகப்போகிறது என்று அடக்கிக்கொண்டாள். இந்த வகுப்பில் ஒருத்திதான் படித்துக்கொண்டிருந்தாள். அவளைத்தான் படிக்கத் தெரியாதவள் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

கைப்பையிலிருந்த உத்தரவை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள். தலைமையாசிரியர் சாப்பிட்டு முடித்துக் கோப்பு பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தில் வாட்ச் தொங்கியது. விளக்கிச் சொல்ல வாயைத் திறந்தவளுக்கு, சொன்னால் கேட்க மாட்டார் என்று தோன்றியது. கெட்ட மனிதர் இல்லை. ஆனால் சொல்வதை எதுவும் காதில் போட்டுக்கொள்ளும் பழக்கம் இல்லை. அதனால் வேறு வழியில் போனாள். தானே ஒரு தடவை படித்துக் காட்டுவதாகவும், வேகம் சரிதானா என்று அவரே நேரம் பார்க்க வேண்டும் என்றும் கேட்டாள். அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வாட்சைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அவள் படித்தாள். வகுப்பின் முதல் மாணவியைப் போல, கரையிலிருந்து அடுப்புக்கு ஒரே தாவலில் போனாள்.

"பிரமாதம் டீச்சர்," என்றார். "இதைத்தான் பிள்ளைங்களுக்குக் காட்டணும்."

"கதை எப்படி சார்?"

"நல்ல கதை. எனக்குத் தெரியாததா? படகோட்டி கதை."

"கடைசியில அவர் என்ன செய்யறார் சார்?"

"கடைசியில அவர் அடுப்புலேர்ந்து ரொட்டி…" என்று ஆரம்பித்தார். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் நிறுத்திவிட்டார். கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கினார். முன்னும் பின்னும் புரட்டினார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. டீச்சருக்கு அதைப் பார்த்து ஜெயித்த மாதிரி இல்லை. தன் முகமும் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இப்படித்தான் இருந்திருக்கும்.

நத்தை எங்கே நின்றாள், ஏன் நின்றாள், நின்றபோது எதைத் தேடினாள் என்று எல்லாவற்றையும் டீச்சர் சொன்னாள். தாள்களை அடுக்கியது தான்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். வகுப்பில் வாட்சை எடுத்து வைத்துவிட்டு, பிள்ளைகளை மெதுவாகப் படிக்கச் சொல்லி, படித்தது என்ன என்று கேட்கப் போவதாகவும் சொன்னாள். தலைமையாசிரியர் வாட்சின் கயிற்றை விரலில் சுற்றினார்.

"மேலிடத்துல வேகத்தைத்தான் கேக்கறாங்க டீச்சர்," என்றார். குரலில் அதிகாரம் இல்லை. அவரும் களைத்துத்தான் இருந்தார். "புரிஞ்சுதான்னு யாரும் கேக்கலை. அதை எப்படி எண்ணி எழுதறதுன்னு எனக்கும் தெரியலை."

ஆனாலும் உத்தரவை வாங்கிக் குறுக்கே கோடு போட்டார். இவளை வகுப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள், மற்றதை யோசிக்கலாம் என்றார். அந்த யோசனை எப்போது முடியும் என்று டீச்சர் கேட்கவில்லை. கிடைத்தது போதும் என்று வெளியே வந்தாள். தாழ்வாரத்துத் தூணுக்குப் பின்னால் நத்தை நின்றிருந்தாள். வகுப்பிலேயே இருக்கலாம் என்று டீச்சர் சொன்னதும், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அங்கேயே நின்றுகொண்டு சாப்பிட ஆரம்பித்தாள்.

அதோடு விஷயம் முடிந்தது என்று வகுப்புக்குத் திரும்பியிருக்கலாம். மணி அடிக்க நேரம் இருந்தது, கால்களும் வலித்தன. ஆனால் தாழ்வாரக் கோடியிலிருந்து எழுத்துக் கூட்டுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது. அந்தப் பொடிசுகளுக்கு மட்டும் சாப்பிட்ட கையோடு பாடம் தொடங்கிவிடும். போன வருஷம் அவள் அனுப்பியவள் ஒருத்தி அங்கே இருந்தாள். நெட்டை என்று கூப்பிடுவார்கள். அவளும் படிக்கும்போது நின்றுவிடுகிறவள்தான். எந்த இடத்தில் நின்றாள்? டீச்சர் எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. கவனித்திருந்தால்தானே நினைவு இருக்கும்.

கடைசி அறையில் நெட்டை பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஆறாம் வகுப்பில் இருக்க வேண்டிய பெண். சின்னப் பிள்ளைகளுக்கான மேசையில் முழங்கால் இடித்ததால் கால்களைப் பக்கவாட்டில் மடித்து வைத்திருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். டீச்சர் புத்தகத்தை நீட்டி, படகோட்டி கதையைப் படிக்கச் சொன்னாள். இந்தப் பிள்ளையும் அங்கேதான் நிற்க வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். நின்றால் இப்போதே கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போய்விடலாம்.

நெட்டை தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தாள். ஒரு திக்கல் இல்லை, திணறல் இல்லை. கரையில் உட்கார்ந்திருந்த படகோட்டி மெல்ல எழுந்தார், பக்கம் திரும்பியது, அடுப்பிலிருந்து இரண்டு ரொட்டிகளை எடுத்தார். கடைசி வரியை ஓங்கிச் சொல்லி முடித்துவிட்டு, எப்படி என்பதுபோல் நிமிர்ந்து பார்த்தாள்.

"முன்னாடி நடுவுல நிப்பியே," என்றாள் டீச்சர். "எந்த இடத்துல நிப்பே? எதுக்கு?"

நெட்டை யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

"ஞாபகம் இல்லை டீச்சர். அப்போ எனக்குப் படிக்கத் தெரியாது. இப்ப நிக்கறதே இல்லை." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, முன் பெஞ்சுப் பொடிசுகளுக்குக் கேட்காதபடி கேட்டாள். "நான் ஆறாம் வகுப்புக்குப் போயிடலாமா டீச்சர்?"

டீச்சர் அந்தச் சின்ன பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவை படிம்மா," என்றாள். "வாட்ச் இல்லை. மெதுவாப் படி. புரியாத இடம் வந்தா நின்னுடு."

"மெதுவாவா?" நெட்டையின் முகம் வாடிவிட்டது. ஆனாலும் சொல் பேச்சுக் கேட்கிற பிள்ளை. ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, இழுத்து, டீச்சர் சொன்ன மாதிரியே மெதுவாகப் படித்துக்கொண்டு வந்தாள். பாலத்தைத் திறந்தார்கள். படகோட்டி கரையில் உட்கார்ந்திருந்தார். பிறகு மெல்ல எழுந்தார். டீச்சர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெட்டை விரலை நாக்கில் தொட்டுப் பக்கத்தைத் திருப்பினாள்.

நிற்கவில்லை.